இன்றும் விழவில்லை

முனிராஜுக்கு வலிப்பு என்பதை ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சந்து முழுக்க நம்பியது. எதிர்வீட்டு சாந்தகுமாரி மட்டும் நம்பவில்லை.

அவன் விழுந்ததை யார் பார்த்தார்கள்? ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், வேன் ஷெட்டில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை விழுந்தானாம். லைசென்ஸைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டானாம். மறு மாதமே மல்லேஸ்வரத்தில் ஏதோ ஓர் அபார்ட்மெண்ட் வாசலில், ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காரும் வேலை. அப்படி ஒரு வியாதி நமக்கு வரக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும்.

அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். குழாயடியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவேரித் தண்ணீரில் முதல் குடம் பதினோரு வருஷமாக சாந்தகுமாரியுடையது. முனிராஜ் விழுந்த நாளிலிருந்து, "நோயாளி வீடுப்பா, முதல்ல விடுங்க" என்று சந்தே ஒதுங்கி அவன் மனைவி யசோதாவுக்கு வழிவிட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சொந்தபந்தமாகப் பின்னிக் கிடந்த அந்தச் சந்தில், யாருக்கும் எதுவும் ஆகாத ஒரே வீடு சாந்தகுமாரியுடையது. கேட்டுக்கொள்ள ஆள் இல்லாததால் அவள் காலண்டரிடம் பேசினாள்.

ஜன்னலோரம், நூலில் பென்சில் கட்டித் தொங்கும் காலண்டர் அது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பால் வராத நாள், சிலிண்டர் வந்த நாள், அதற்குக் கீழே ஒவ்வொரு கட்டத்திலும், 'மு. இன்றும் விழவில்லை.'

"இன்னாத்துக்குடி இதெல்லாம்?" என்றார் கணவர் தனக்கோடி.

"ஒருநாள் கேஸாவும். அப்ப இதுதான் பேசும்."

தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆம்பூர் போன இரண்டு நாளும் தனக்கோடியை ஜன்னலில் காவல் வைத்துவிட்டுத்தான் போனாள்.

துப்பும் கிடைத்தது. சந்து முனையில் ஏதாவது வேன் திரும்பினால், வாசலில் உட்கார்ந்திருக்கும் முனிராஜின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக்! "பாத்தியா, வேஷம் மறந்துபூடுச்சு" என்றாள் தனக்கோடியிடம். காலை எட்டு, இரவு எட்டு என்று அலாரம் வைத்து யசோதா கொடுக்கும் மாத்திரையை, "சத்து மாத்திரையா இருக்கும்" என்று ஒதுக்கிவிட்டாள்.

இரண்டு வருஷம் முடிந்த வாரம் குட்டு வெளிப்பட்டது. குழாயடியில் யசோதா போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரகசியம் பேசுகிறவள் குடத்தின் மேல் ஏறி நின்று பேசாத குறை.

"ஃபிட்ஸா? அவருக்கா? நீ ஒண்ணு! லைசென்ஸ் திரும்ப வாங்கப் போறோம்டி. மூணாம் நம்பர் கவுண்டர், மமதா மேடம். புதன்கிழமை தீர்ந்துடும். அதுக்குள்ள எவளாவது போயி வாயத் தொறக்காம இருந்தா சரி."

சாந்தகுமாரியின் குடம் நிறைந்து வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

புதன்கிழமை, கல்யாணத்துக்குக் கட்டிய அதே பட்டுப்புடவையில், இரண்டு வருஷக் காலண்டர்களையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் மூணாம் நம்பர் கவுண்டருக்கு முன்னால் நின்றாள்.

"பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வந்து உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார் மமதா மேடம்.

"உக்கார வரலை மேடம். ஃபிராடு ஒருத்தனைப் புடிச்சுக் குடுக்க வந்தேன். முனிராஜுன்னு பேரு. வலிப்புன்னு சொல்லி உங்களையே ஏமாத்தியிருக்கான். ரெண்டு வருஷமா கண்ணுல எண்ணெய் ஊத்திப் பாக்குறேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் விழல!"

மமதா நிமிர்ந்து உட்கார்ந்தார். காலண்டரை விரித்து, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைகூடவா?"

"லீவே போடல மேடம்."

"அவங்க உங்களுக்கு என்ன ஆகணும்?"

"ஒண்ணும் ஆக வேணாம்! மூஞ்சிலகூட முழிக்கிறதில்ல."

"ரொம்ப நல்லது. இதையெல்லாம் எழுதிக் குடுக்கிறீங்களா?"

முழுத்தாளில் நான்கு பக்கம் எழுதினாள். பெயர், வீட்டு எண், போன் நம்பர், ஆதார் நகல். கையெழுத்தை ஒரு முறைக்கு இரு முறை போட்டாள்.

"எத்தனை வருஷம் உள்ள வைப்பாங்க மேடம்?"

மமதா அந்த நான்கு தாளையும் ஒரு ஃபைலில் கோத்தார். "வண்டிக்குள்ளதான் வைப்பாங்கம்மா. நரம்பு டாக்டர் சர்டிபிகேட், மாத்திரைச் சீட்டு எல்லாம் சரியா இருக்குது. ரெண்டு வருஷமா ஃபிட்ஸ் வரலேன்னு, கூடவே இருந்து பாத்த ஒருத்தர் எழுதித் தரணும்னு டாக்டர் கேட்டிருந்தாரு. சொந்தக்காரங்க எழுதினா ஆகாது. உங்க சந்துல பாத்தா எல்லாரும் மாமா, மச்சான்."

சாந்தகுமாரி இப்போதுதான் உட்கார்ந்தாள்.

"இதை யசோதாம்மா போன வாரமே குடுத்துட்டுப் போனாங்க" என்று ஃபைலின் கடைசித் துண்டுச்சீட்டைக் கன்னடத்திலிருந்து தமிழாக்கிப் படித்துக் காட்டினார் மமதா:

"சாட்சி, எதிர்வீட்டு சாந்தகுமாரி அக்கா. கூப்பிட்டு அனுப்ப வேண்டாம். புதன்கிழமை காலண்டரோடு அவங்களே வந்துடுவாங்க."