பூங்கனி வீட்டுச் சத்தம்

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள்ளிருந்து பொம்பளைச் சிரிப்பு கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

தங்கபாய்க்கு நாலு மாதமாக வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீடுதான். பூங்கனி என்கிறவள் பேறுகாலத்தில் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன வீடு. அப்புறம் ஒருவரும் குடிவராமல் கிடந்ததை, வாடகை குறைவு என்று ரெஜிலா பிடித்துக்கொண்டு வந்தாள். புருஷன் இறந்து ஒரு வருஷம். புதுக்கடை ஊர்ப் பக்கம் அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிற வேலை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

நாலு வயசு ஜினிஷாவை அங்கன்வாடியில் விடலாம்தான். ஆனால் இரண்டு ஊருக்கு ஒரே டீச்சர், வாரத்தில் மூன்று நாள்தான் திறப்பார்கள். மற்ற நாட்களில் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனாள்.

வந்த அன்றே தங்கபாயிடம் ஒரு சாவியை நீட்டினாள்.

"எக்கா, இது ஒங்க கையில இருக்கட்டும். மத்தியானம் ஒருக்கா எட்டிப் பாத்தா போதும்."

"வேண்டாம் பிள்ளே. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எனக்க தலையிலதான் விழும்."

தங்கபாய்க்கு வேலை தலைக்குமேல் கிடந்தது என்று நினைக்காதீர்கள். மகன் டெல்வின் குவைத்தில். பெரிய வீடு, இரண்டு ஏசி, ஒற்றை ஆள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி வேறு.

அடுத்த வாரம் சத்தம் தொடங்கியது.

உச்சிவெயிலில் தெருவே அடங்கிக் கிடக்கும் நேரம். பூட்டிய வீட்டுக்குள் டொக்... டொக்... டொக். எலும்பை உடைக்கிற மாதிரி. அதுவும் ஒரு கை இல்லை, பல கை. நடுவில் பெண்குரல்கள். ஒருத்தி பாடுவாள், ஒருத்தி சிரிப்பாள். "வா மக்கா, பக்கத்துல வந்து கண்ண மூடு" என்று இன்னொருத்தி கொஞ்சுவாள். ஜினிஷாவும் அதற்கெல்லாம் பதில் சொல்லும்!

"பூங்கனி தனியா வரல்ல. துணைக்கு ஆளு கூட்டிட்டு வந்திருக்கா" என்றாள் தங்கபாய், மீன்காரி வேளாங்கண்ணியிடம்.

"பிள்ளைக்க தாய்க்கிட்ட சொன்னியளா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? பெத்த பிள்ளைய பூட்டிப் போட்டுட்டுப் போறவளுக்கு இதெல்லாம் ஒறைக்குமா?"

சொல்லவில்லையே தவிர, சும்மா இருக்கவில்லை. சத்தம் கேட்கிற நாளெல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "இயேசுவின் நாமத்தில வெளிய போ! வெளிய போ!" என்று தொண்டை கிழிய ஜெபித்தாள். ஊரே மெச்சியது.

இன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேளாங்கண்ணி இருக்கிறாள் என்ற தைரியம். மதிலைச் சுற்றிக்கொண்டு போய், அந்த வீட்டுச் சன்னல் பலகையில் தென்னமட்டையால் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"பிள்ளைய விட்டிட்டு வெளிய போ!"

டொக் சத்தம் நின்றது. எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் நின்றன.

பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல், மெதுவாக:

"தங்கபாய் எக்கா..."

மட்டை கையிலிருந்து நழுவியது. வேளாங்கண்ணி மீன்கூடையைப் போட்டது போட்டபடி ஓடியே போனாள்.

"எக்கா, போயிராதீங்க! நான் ரெஜிலா. அண்டியாபீசுலேருந்து போன்ல பேசுதேன்."

தங்கபாய் சன்னல் பலகையில் காதை வைத்தாள்.

"இன்னொரு போன அந்தச் சன்னல்ல வச்சிட்டுத்தான் வேலைக்கு வாறேன். இஞ்ச கொட்டைய ஒடச்சிக்கிட்டே நாங்க நாப்பது பேரும் மாத்தி மாத்திப் பிள்ளைகிட்ட பேசுவோம். இப்ப நீங்க கத்துனது கேட்டு, என்னமோ அடிக்கிற சத்தமும் கேட்டு. அதுக்குப் பொறவு பிள்ளைக்குப் பேச்சு மூச்சு இல்ல எக்கா. கூப்பிட்டா பதிலே இல்ல. நான் ஓடி வந்து சேர முக்கால் மணிக்கூர் ஆவும்..."

போனில் அவளுக்குப் பின்னாலிருந்து வேறொருத்தி சொன்னாள்: "எங்க வாய்தான் அங்க வரும் எக்கா, கை எட்டாது. நீங்க ஒருக்கா பாருங்க."

"பூ... பூட்டிக் கெடக்குல்லா?"

"சாவி ஒங்க மதில்லதான் இருக்கு. நீங்க வேண்டாம்னு சொன்ன அண்ணைக்கே அந்த ஒடஞ்ச ஓட்டுக்கு அடியில வச்சேன். மனசு மாறுனா எடுப்பியள்னு."

தங்கபாய் ஓடினாள். ஓட்டுத்துண்டைத் தூக்கினாள். இருந்தது. நாலு மாத மழையில் துருவேறிப் போயிருந்தது. அவள் கையூன்றி நின்று ஜெபித்த இடத்திலிருந்து ஒரு சாண்தான் தள்ளி.

துருப்பிடித்த சாவிக்குப் பூட்டு லேசில் திறக்கவில்லை. கர்த்தாவே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாது, ஒண்ணும் ஆயிரப்பிடாது. இந்தத் தடவை அவள் ஜெபம் வெளியே கேட்கவில்லை.

கதவு திறந்தது. அறையில் ஆளைக் காணோம். தட்டில் பாதிச் சோறு. சன்னலில் போன் "மக்கா, மக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. சத்தம் வெளியே வராமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது ஜினிஷா.

தங்கபாய்க்கு உயிர் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, "வா மக்கா" என்று கையை நீட்டினாள்.

பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, சன்னலைப் பார்த்து அலறியது:

"அம்மா, தெனமும் மதிலுகிட்ட நின்னு கத்துத பேயி உள்ள வந்திட்டு!"