மாப்பிள்ளைக்குக் கோபம் வருமா?

“அந்த ஆளுக்குக் கோபம் வருமாம்மா?”

தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பெரியவர் கேட்டுவிட்டார். கேட்டது யாரை என்கிறீர்கள்? மாப்பிள்ளையாக வரப்போகிறவனின் முன்னாள் மனைவியை.

விவாகரத்தான மகளுக்கு இரண்டாவதாக ஒரு வரன் அமைந்திருந்தது. அவனும் விவாகரத்தானவன். ஒரே ஊர் என்பதால் யார் வீட்டுச் சங்கதியும் எல்லோருக்கும் தெரியும்.

“இந்தத் தடவையாவது யாரையும் சோதிக்காம இருங்கப்பா” என்று மகள் கெஞ்சினாள். இவர் கேட்கிற ஆளா? நாற்காலி கம்பெனியில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். மணல் மூட்டையைப் போட்டுப் போட்டு, நாற்காலி எப்போது உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலையாக இருந்தது.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

“கோபமா? மருந்துக்குக்கூடக் கிடையாது சார்.”

“பின்ன ஏன் பிரிஞ்சீங்க?”

“அதனாலதான். எதுக்கெடுத்தாலும் ‘சரிம்மா’. சமையல்ல உப்பை அள்ளிக் கொட்டினேன், சரிம்மா. பிரிஞ்சிடலாம்னேன், அதுக்கும் சரிம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி நான் வாயில்லாப் பூச்சி சார். ரெண்டு பேர் கத்த வேண்டியதை ஒருத்தியே கத்திக் கத்தித்தான் இப்படி ஆயிட்டேன்.”

பெரியவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மகள் பிழைத்தாள். சந்தோஷமாக எழுந்தார்.

“இருங்க சார். நானும் ஒண்ணு விசாரிக்கணும். உங்க பழைய மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து என்னைக் கேட்டு வந்திருக்காங்க.”

பெரியவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அவருக்கு நல்லாக் கோபம் வருமாமே? ஊரே சொல்லுது.” அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசை.

ஊருக்குச் சொன்னதே இவர்தான்.

“வருமான்னா கேக்கற? ராட்சசன்மா. ஒரு நாள் கத்தின கத்துல ஜன்னல் அதிர்ந்துபோச்சு.”

“எதுக்குக் கத்தினார்?”

“தூங்கிட்டிருந்தார். கோபம் வருதான்னு பார்க்க மூஞ்சில தண்ணி ஊத்தினேன்.”

“அப்புறம்?”

“ஆபீஸ் கிளம்பற நேரத்துல ஒத்தைச் செருப்பை ஒளிச்சு வைப்பேன். தினமும்.”

“பொண்டாட்டிகிட்ட எப்படி?”

பெரியவர் யோசித்தார். இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

“அவகிட்ட... குரலை உசத்தி நான் பார்த்ததில்லை.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பெற்ற மகளின் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டு, ஒரு நல்லவன் தலையில் பழியைப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

“அப்ப உங்ககிட்ட மட்டும்தான் கோபமா?” என்றாள் தையல்காரி.

“ஆமாம்மா. நான் அவங்க வீட்டுல தங்கியிருந்த வரைக்கும்தான்.”

அவள் முகம் வாடிப்போனது. துணியை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு மெல்ல ஸ்டூலை நெருங்கி வந்து கேட்டாள்:

“சார், கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க எங்க வீட்டுல வந்து தங்க முடியுமா?”