திறவுகோலுக்கு அரோகரா!

என் வீட்டுக்காரர் தமிழ் வாத்தியார். யாராவது "சாவி" என்று சொல்லிவிட்டால் அவருக்குச் சாமி வந்துவிடும்.

"அது எவனோ கப்பல்ல கொண்டாந்த அயற்சொல்! திறவுகோல்னு சொல்லுங்க!"

மாடியில் வாடகைக்கு வந்த வெள்ளைக்காரர் தொமாஸையும் அவர் விடவில்லை. வந்த அன்றைக்கே அந்த மனுஷன் சிரித்த முகமாக "சாவி?" என்று கை நீட்டினார். இருபது தடவை "திறவுகோல்" சொல்ல வைத்துவிட்டுத்தான் இவர் கொடுத்தார். மூன்றே மாதத்தில் ஆளைச் சுத்தத் தமிழ் பேச வைத்துவிட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை தீபத்தன்று, தொமாஸ் உள்ளே தூங்குவது தெரியாமல் மாடிக் கதவைப் பூட்டிவிட்டு, என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனார்.

திரும்பினால் வாசலில் ஒரே கூட்டம். மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொமாஸ், "திறவுகோல்! திறவுகோல்!" என்று கதறுகிறார். கீழே ஜனங்கள் வெள்ளைக்காரருக்கு அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அரோகரா!" என்கிறார்கள். ஆறு தேங்காய் உடைத்தாகிவிட்டது.

கதவைத் திறந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீங்க தீபமே பார்க்க முடியாம போச்சே தம்பி! சாவினு ஒரு சத்தம் போட்டிருந்தா எதிர்வீட்டுப் பொன்னம்மா ஓடியாந்து தொறந்திருப்பாங்களே! அவங்ககிட்ட இன்னொண்ணு இருக்குதே!"

"அந்தச் சொல்தான் அம்மா முதலில் வாயில் வந்தது. அயற்சொல் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்."

என் வீட்டுக்காரர் பெருமையாக மீசையைத் தடவினார். "பார்த்தியா சரோஜா! ஆமா தம்பி, இதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"சாவி."

"இங்க இல்லப்பா. உங்க ஊர்ல."

"சாவிதான் ஐயா. போர்ச்சுகலில் என் தாயாரும் அப்படித்தான் சொல்வார். நீங்கள் திட்டுகிற அந்தக் கப்பல் எங்களுடையது."