பாதிக்குப் பாதி

“மனித குல வரலாற்றிலேயே, ஒரு கால்வாய்த் தண்ணிய சோதிக்கறதுக்கு ரெண்டு ஊரு சேர்ந்து செலவு பண்றது இதான் மொத தபா!” என்று மைக்கில் முழங்கினார் கோனமடுகு சேர்மன் முனிரத்தினம். வரலாறு நிகழவேண்டிய இடத்தில் எருமை ஒன்று இறங்கிப் படுத்திருந்தது. அதை எழுப்பி ஓட்டுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

வடமாலபேட்டையைத் தாண்டி, திருப்பதி - சென்னை சாலையில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கும் நகராட்சிகள் கோனமடுகும் அரசிக்குப்பமும். மழை பெய்தால் இரண்டு ஊர்த் தெருக்களையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர், எல்லைப் பாலத்துக்குச் சற்று முன்னால், மதகடியில் ஒன்றாகச் சேர்ந்து ஏரிக்குப் போகும். ஏரியில் மீன் செத்து மிதந்தால், அது அடுத்த ஊர்க்காரன் அழுக்கு என்று இரண்டு ஊரும் சத்தியம் செய்யும்.

அதனால்தான் இந்த ஒப்பந்தம். வாரம் ஒரு முறை தண்ணீரைச் சோதிக்க வேண்டும். செலவு பாதிக்குப் பாதி.

பாதிக்குப் பாதி என்று எழுதியதுமே அது எல்லாவற்றுக்கும் தொற்றிக்கொண்டது. கல்வெட்டில் இரண்டு பெயரும் ஒரே அளவு. ஆளுக்கு ஒரு ரோஜா மாலை, ஒரு எலுமிச்சம்பழம். தட்டேந்தி வரவேற்க ஆளுக்கு ஐம்பத்தோரு பெண்கள். ஒருத்தி குறைந்தாலும் மேடை ஏறமாட்டேன் என்றிருந்தார் அரசிக்குப்பம் சேர்மன் வரதராஜன்.

மேடை ஓரத்தில் கண்ணாடிக் குடுவையோடு நின்றிருந்தாள் கலைவாணி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, சத்தியவேடு பக்கம் புதிதாய் வந்த கம்பெனியில் மூன்று வருஷம் நின்றபடியே செல்போன் மூடி மாட்டியவள். விடியற்காலை நாலு மணிக்குக் கம்பெனி வேன் ஹார்ன் அடிக்கும் சத்தத்திலிருந்து அவளைக் காப்பாற்ற வந்தது இந்தத் தண்ணீர் சோதிக்கும் வேலை. ஒப்பந்தத்தில் இரண்டு சேர்மன்களும் கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் வேன்.

“கேமராக்கு மறைக்குது! வேல முடிஞ்சவங்க அந்தாண்ட, மதகுக்கு மேல போங்கம்மா, போங்க!” என்று தட்டும் கையுமாக நின்ற பெண்கள் கூட்டத்தை விரட்டினார் இன்ஜினியர் ஹரிபாபு. “சார், ரண்டி சார், வாங்க. மொத சாம்பிள் நீங்க ரெண்டு பேரும்தான் எடுக்கணும்.”

நெற்றியில் ஈரம் காயாத பொட்டோடு இரண்டு சேர்மன்களும் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து, ஒரே கயிற்றை ஆளுக்கொரு கையால் பிடித்து வாளியை இறக்கினார்கள். கேமராக்கள் மின்னின. வாளி மேலே வந்தது.

தண்ணீர் வெற்றிலை எச்சில் மாதிரி செக்கச்செவேல் என்றிருந்தது.

வரதராஜன் கயிற்றை விட்டார். “பார்த்துக்கோங்கய்யா, கோனமடுகு சாயப்பட்டற லட்சணத்த!”

“இன்னாது, எங்க ஊரு சாயமா?” முனிரத்தினம் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிடுவதுபோல் இறுக்கினார். “எங்க ஊர்ல வெள்ளத் துண்டுதான்யா நெய்யறாங்க. செவப்புச் சேல கலர் ஏத்திக்கினு கெடக்கறது உங்க ஊரு!”

“வத்து சார், வேணாம்! மைக் ஆன்ல கீது!” என்று கையைப் பிசைந்தார் ஹரிபாபு.

“இருக்கட்டும்யா, எல்லாரும் கேக்கட்டும்!” வரதராஜன் மைக்கைப் பிடுங்கினார். “எவன் ஊரு அழுக்கோ, அவன் ஊரே முழுச் செலவும் கட்டட்டும். அப்புறம்தான் என் கையெழுத்து!”

“நானும் அதான் சொல்றேன். அத்த கண்டுபுடிக்காம பேனாவத் தொடமாட்டேன்!”

கலைவாணியின் காதில் வேன் ஹார்ன் கேட்டது. வேறு யார் காதிலும் கேட்டிருக்காது.

அவள் குடுவையில் அரைவாசி அந்தத் தண்ணீரை ஊற்றி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். தலையைத் திருப்பி மதகுப் பக்கம் பார்த்தாள். அங்கே பெண்கள் வெறும் தட்டுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சார், நான் சோதிச்சுச் சொல்லட்டுமா? எந்த ஊருதுன்னு இங்கயே தெரிஞ்சிடும்.”

“சொல்லும்மா! பயப்படாம சொல்லு!” என்றார் முனிரத்தினம்.

“யாரு மூஞ்சியும் பாக்காத!” என்றார் வரதராஜன்.

“அந்த எலுமிச்சம்பழத்தக் கொஞ்சம் குடுங்க சார்.”

முனிரத்தினம் கொடுத்தார். கலைவாணி அதை நகத்தால் கீறிக் குடுவைக்குள் பிழிந்தாள். நாலு சொட்டு விழுந்ததும் சிவப்பு கலங்கியது, வெளிறியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாம்மா இது, மாயாஜாலம்? சாயமா, இல்லியா?”

“சாயமில்ல சார். மஞ்சளும் சுண்ணாம்பும்.”

“எந்த ஊரு மஞ்சளு? அத்தச் சொல்லு மொதல்ல!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கலைவாணி ஒப்பந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்து, அதன்மேல் பேனாவை வைத்தாள்.

“ஆரத்தித் தண்ணி சார். உங்களுக்குச் சுத்துனது அம்பத்தொண்ணு, அவருக்குச் சுத்துனது அம்பத்தொண்ணு.”