பாஸ்கரின் கை

மணவாள நகர் ஸ்டுடியோவில் உமர் பாரூக் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வீசினார்.

“இன்னா பாஸ்கரு, தாளத்துக்கு முன்னாடியே ஓடுற? அம்மன் பாட்டு சிடி இன்னிக்கே பெரியபாளையம் போவணும்யா!”

கீபோர்டு முன்னால் இருந்த பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான். உமர் விடவில்லை.

“கட்டைய அமுக்குனா கம்ப்யூட்டர்ல சத்தம் லேட்டா வருதுன்னு வந்தவன்லாம் திட்டுனான். நீ ஒருத்தன்தான் கரெக்டா வாசிச்ச. நேத்து ஆள் வெச்சி அத்த சரி பண்ணா, இன்னிக்கு நீ கெடுக்குற. வேணும்னே பண்றியா? எந்திரி, வேற ஆள பாத்துக்கறேன்!”

பாஸ்கருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தான்.

“ரெண்டு வருஷமா உங்க மிஷினு லேட்டு பாய். அதுக்கோசரம் ஒவ்வொரு கட்டையையும் கொஞ்சம் முன்னாடியே அமுக்கிப் பழகிக்கினேன். மிஷின சரி பண்ட்டீங்க. என் கைய யாரு சரி பண்றது?”