ஆறாவது பொட்டு

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் மாடியறையில், ஐந்து சர்வர் கணினிகளை இணைத்து, ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும்படி அமைத்து முடித்தாள் குளோரியா. முந்தாநாள்தான் அவளுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. மிச்சமிருந்த பிறந்தநாள் கேக்கைத் தின்றபடியே திரையைப் பார்த்தாள். பட்டியலில் ஆறு சர்வர்கள் இருந்தன. ஐந்தும் ஓட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறாவது, இருபத்தொன்பது வருடமும் இரண்டு நாளுமாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.

அவள் சொன்னதைக் கேட்டு, கூட வேலை பார்க்கும் பெர்னார்ட் போனில் சிரித்தான். "ஏதோ தப்பா காட்டுது குளோரியா. அத டெலீட் பண்ணிட்டு கிளம்பு."

அவள் பட்டனை அழுத்தினாள். 'நீக்கப்படுகிறது' என்று திரையில் சதவீதம் மெதுவாக ஏறத் தொடங்கியது.

அறையைக் கூட்டிப் பெருக்கும் லட்சுமம்மாவுக்குப் புது மிஷின் வந்தால் பொட்டு வைத்தே ஆகவேண்டும். குழைத்த குங்குமக் கிண்ணத்தோடு வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"அஞ்சுக்கும் வெச்சாச்சாக்கா?"

"ஆறுக்கும் வெச்சுட்டேம்மா."

குளோரியா நிமிர்ந்து சர்வர் அலமாரியை எண்ணினாள். ஐந்து சர்வர், ஐந்து பொட்டு.

ஆறாவது பொட்டு அலமாரியின் கண்ணாடிக் கதவில் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பொட்டே வைத்தறியாத அவள் நெற்றியில், இன்னும் ஈரம் காயாமல்.