பெயர் பதியாதவை

கடைசிப் பெயரையும் வடிவமாக மாற்றிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

மாவட்டத்தில் சென்ற ஆண்டு பிறந்த பெண் குழந்தைகளின் பெயர்கள். நிறையப் பேருக்கு வைத்த பெயர் பெரிதாக. ஒரே ஒருத்திக்கு வைத்த பெயர் பொடியாக. எல்லாம் சேர்ந்து சுவர் அகலத்துக்கு ஒரு படம்.

எழுத்தாகவே அனுப்பினால் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் சிதறிவிடும். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று கிடக்கும். அதனால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பிலும் புள்ளிகள் வைத்து, அவற்றைக் கோடுகளால் இணைத்து, பலகோணமாக்கிவிட வேண்டும்.

பிறகு அது எழுத்தில்லை. வடிவம்.

கலையாது.

பட்டியலில் ஒரு வரி மட்டும் மிச்சமிருந்தது.

பெயர் பதியாதவை: 41.

"பேரே இல்லாதத எப்படிம்மா வரையிறது? அந்த வரிய எடுத்திரு" என்று ஓனர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

எடுக்கப் போன கை நின்றது.

நாற்பத்தொன்றில் ஒன்று அவளுடையது.

குழந்தை இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு.

பெயர் இல்லாமல் இல்லை. ஏழாம் மாதமே யோசித்து வைத்திருந்தாள். தொட்டிலில் போடும் அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அவள் தட்டினாள். நான்கு எழுத்து. எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டாள்.

விளிம்பில் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. கோடுகள் சேர்ந்தன. படத்தின் வலது ஓரத்தில், இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே இடம் இருந்தது. அங்கே வைத்தாள்.

பிறகு அந்த வரியை எடுத்தாள்.

மறுநாள் அச்சகத்தில் முதல் தாள் வெளியே வந்ததும் சூசை அண்ணன் அதை மேசையில் விரித்தார். இருபது வருடமாக அந்த மெஷினை ஓட்டுபவர். பெரிய எழுத்துகளை அவர் பார்ப்பதே இல்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பொடி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

விரல் வலது ஓரத்தில் நின்றது.

"நெய்தல்" என்று வாசித்தார். "இம்புட்டுப் பொடிசுலயும் உடையாம வந்திருக்கு, பாத்தியாம்மா?"

அவள் அந்தப் பெயரைத் தன் வாயால்கூட ஒருமுறையும் சொன்னதில்லை.

மெஷின் நின்றுபோயிருந்தது. அறையில் வேறு சத்தமே இல்லை.

"சரியா கேக்கலண்ணே" என்றாள். "இன்னொரு தடவ வாசிங்க."